கிங்டம் ரஷ்: கோபுரங்களை முன்கூட்டியே தேர்ந்தெடுக்கும் முறை தொடரை வளர்த்ததா, குறைத்ததா?

செங்கல்:

பாதையோரம் கோபுரங்களைக் கட்டி, வரும் எதிரிகளைக் கடந்து போகவிடாமல் தடுக்கும் தற்காப்பு ஆட்டத் தொடர் கிங்டம் ரஷ். கடந்த சில மாதங்களாக அதன் ஐந்து ஆட்டங்களையும் வெளிவந்த வரிசையிலேயே மறுபடியும் ஆடி முடித்தேன். உருகுவே நாட்டின் மாண்டேவிடியோவில் இயங்கும் அயர்ன்ஹைட் நிறுவனம் 2011இல் உலாவியில் ஆடும் ஃபிளாஷ் ஆட்டமாக வெளியிட்ட முதல் பாகத்திலிருந்து 2024இல் வந்த அலையன்ஸ் வரை ஒரே மூச்சில் ஆடும்போது, தனித்தனியாக ஆடியபோது கண்ணில் படாத ஒரு மாற்றம் தெளிவாகத் தெரிந்தது. அதைப் பற்றி இங்கே விவாதிக்க விரும்புகிறேன்.

முதல் மூன்று ஆட்டங்களிலும், அதாவது முதல் பாகம், ஃபிரான்டியர்ஸ், ஆரிஜின்ஸ் ஆகியவற்றில், நம் கையில் இருப்பவை நான்கே நான்கு அடிப்படைக் கோபுரங்கள். முதல் பாகத்தில் அவை வில்லாளர், எதிரியை மறிக்க வீரர்களைப் பாதைக்கு அனுப்பும் பேரக்ஸ், மந்திரவாதி, பீரங்கி. வில்லாளருக்கும் பேரக்ஸுக்கும் 70 பொன், மந்திரவாதிக்கு 100, பீரங்கிக்கு 125. ஒவ்வொன்றும் மூன்று நிலைகள் வளர்ந்து, நான்காம் நிலையில் இரண்டாகக் கிளைக்கும். வில்லாளர் கோபுரம் ரேஞ்சர்களாகவோ மஸ்கெட்டியர்களாகவோ மாறும். பீரங்கி பிக் பெர்த்தாவாகவோ டெஸ்லாவாகவோ மாறும். அந்தத் தேர்வை நாம் எப்போது செய்கிறோம் என்பதுதான் இங்கே முக்கியம். எதிரிகள் பாதையில் வந்துகொண்டிருக்கும்போது, கையிலிருக்கும் பொன்னைப் பார்த்து, அடுத்து வரும் எதிரி அலையின் மண்டையோட்டுச் சின்னத்தைத் தொட்டு என்ன வருகிறது என்று தெரிந்துகொண்டு, களத்தில் நின்றபடியே செய்கிறோம்.

2018இல் வந்த வெஞ்சன்ஸ் இந்த முறையை முழுமையாகக் கைவிட்டது. ஆட்டம் தொடங்கும் முன்பே நம்மிடம் உள்ள கோபுரங்களில் ஐந்தை மட்டும் தேர்ந்தெடுத்து எடுத்துச் செல்ல வேண்டும். ஒவ்வொரு கோபுரமும் நேர்கோட்டில் வளர்கிறது, கிளை கிடையாது. அலையன்ஸும் அதே வழியைத்தான் பின்பற்றுகிறது. தற்காப்பு ஆட்டத்தின் உயிர் களத்தில் எடுக்கும் முடிவில் இருக்கிறது என்று நம்புகிறவன் நான். அந்த முடிவை ஒரு பட்டியல் திரைக்கு நகர்த்தியது தொடருக்கு நேர்ந்த உண்மையான இழப்பு என்றே கருதுகிறேன்.

ஒரு எடுத்துக்காட்டு போதும். முதல் பாகத்தில் பறக்கும் கார்கோயில்கள் வரும் கட்டங்களில் பீரங்கி அவற்றைத் தொடவே முடியாது. பேரக்ஸ் வீரர்களாலும் அவற்றை மறிக்க முடியாது. பிக் பெர்த்தாவின் குண்டுகளுக்கும் அதே குறை உண்டு. டெஸ்லாவின் மின்னல் மட்டும் வானில் பறப்பதையும் அடிக்கும். நான் மூன்றாம் நிலை வரை வளர்த்த பீரங்கியை நிறுத்தி வைத்து, 375 பொன் சேர்ந்ததும் டெஸ்லாவா, இன்னும் 25 சேர்த்து 400க்குப் பெர்த்தாவா என்று யோசிக்கும் அந்தப் பத்து விநாடி, அந்த ஆட்டம் எனக்குத் தந்த மிகப் பெரிய இன்பங்களில் ஒன்று. வெஞ்சன்ஸில் அந்தப் பத்து விநாடி இல்லை.

அந்தி ஆட்டக்காரர்:

நண்பர் செங்கல் மிகுந்த கவனத்தோடு எழுதியிருக்கிறார். ஆனால் அவருடைய முடிவோடு எனக்கு உடன்பாடு இல்லை. பழைய முறையில் இருந்ததாக அவர் சொல்லும் அந்தத் தேர்வு, முதல் சில முறைகளுக்குப் பிறகு தேர்வாகவே இருப்பதில்லை என்பதுதான் என் அனுபவம்.

நான் முதல் பாகத்தை வெட்டரன் என்ற கடின நிலையில் பல முறை முடித்திருக்கிறேன். பன்னிரண்டு கட்டங்களில் பத்தாவது வரும்போது என் கை தானாகவே இயங்கத் தொடங்கியிருந்தது. பாதை வளையும் இடத்தில் பேரக்ஸ், அதன் பின்னால் மந்திரவாதியின் ஒரு கிளையான ஆர்கேன் விஸார்டு, எதிரே டெஸ்லா, இடைவெளியில் ரேஞ்சர். எந்தக் கட்டமாக இருந்தாலும் இதே அமைப்பு வேலை செய்தது. நான்காம் நிலையின் எட்டுச் சிறப்புக் கோபுரங்களும் எப்போதும் கைக்கெட்டும் தூரத்தில் இருந்ததால், எனக்குப் பிடித்த நான்கைத் தவிர மற்றவற்றை நான் தொடவே இல்லை. மந்திரவாதியின் மற்றொரு கிளையான சோர்ஸரரின் சாபம் எதிரியின் கவசத்தைக் குறைக்கும் என்பதை அறிந்திருந்தும், ஆர்கேன் விஸார்டின் மரணக் கதிர் பெரிய எதிரியை ஒரே அடியில் அழித்துவிடும் என்பதால், எப்போதும் அதையே கட்டினேன். எல்லாம் கிடைக்கும் இடத்தில் மனிதர்கள் எதையும் தேர்ந்தெடுப்பதில்லை, பழகியதைத்தான் எடுக்கிறார்கள்.

வெஞ்சன்ஸில் ஐந்தை மட்டுமே எடுக்க முடியும் என்ற கட்டாயம் வந்த பிறகுதான் ஒவ்வொரு கோபுரத்தையும் நான் உண்மையாகப் படித்தேன். மெல்ட்டிங் ஃபர்னஸ் தன்னைச் சுற்றியிருக்கும் எல்லோரையும் சுடும், ஆனால் எட்டும் தூரம் குறைவு. கோப்லிராங்ஸ் வீசும் வளைதடி போகும்போதும் திரும்பும்போதும் அடிக்கும், ஆகவே நீளமான நேர்ப்பாதையில் அதன் மதிப்பு கூடும். கிரிம் செமிட்டரி பிணங்களைப் பாதையில் எழுப்பிக்கொண்டே இருக்கும், எனவே பேரக்ஸின் வேலையில் ஒரு பகுதியை அதற்குக் கொடுக்கலாம். இந்த மூன்றையும் ஒன்றாக எடுத்துச் சென்றால் மற்ற இரண்டு எவையாக இருக்க வேண்டும் என்று யோசிப்பதும் போர்த் தந்திரம்தான். ஒரு படைத்தலைவன் களத்துக்கு வந்த பிறகுதான் சிந்திக்க வேண்டும் என்று யார் சொன்னது?

மேலும், இது அயர்ன்ஹைட் கண்டுபிடித்த புதுமையும் இல்லை. 2009இல் வந்த பிளான்ட்ஸ் வெர்சஸ் ஸாம்பீஸ் ஆட்டத்தில் பெரும்பாலான கட்டங்களுக்கு முன்பும் செடிகளைத் தேர்ந்தெடுத்துத்தான் உள்ளே போனோம். அதை யாரும் குறை என்று சொன்னதில்லை.

நிலவறை:

பிளான்ட்ஸ் வெர்சஸ் ஸாம்பீஸ் பற்றிய ஒப்பீட்டில் ஒரு முக்கியமான செய்தி விடுபட்டிருக்கிறது. அந்த ஆட்டத்தில் செடிகளைத் தேர்ந்தெடுக்கும் திரை வரும்போது, காட்சி வலப்பக்கம் நகர்ந்து, தெருவில் காத்து நிற்கும் ஸாம்பிகளை நமக்குக் காட்டும். பலூனில் வருபவன் நிற்கிறானா, தலையில் வாளி கவிழ்த்தவன் நிற்கிறானா என்று பார்த்த பிறகே நாம் செடியைத் தொடுகிறோம். அதாவது அந்தத் தேர்வு எதிரியைக் கண்டபின் செய்யும் தேர்வு.

வெஞ்சன்ஸிலும் அலையன்ஸிலும் ஒரு கட்டத்தில் முதன்முறையாக நுழையும்போது, உள்ளே கவசம் பூண்டவர்கள் வருவார்களா, மந்திரத்தை எதிர்ப்பவர்கள் வருவார்களா என்பது உள்ளே போன பிறகுதான் நமக்குத் தெரிகிறது. கண்ணைக் கட்டிக்கொண்டு பையை நிரப்புவதற்கும், வானத்தைப் பார்த்துவிட்டுக் குடையை எடுப்பதற்கும் உள்ள வேறுபாடு இது. முன்தேர்வு முறையே தவறு என்று நான் சொல்லவில்லை. தகவல் இல்லாமல் கேட்கப்படும் முன்தேர்வைத்தான் தவறு என்கிறேன்.

செங்கல்:

நிலவறை சொன்னதை முழுமையாக ஏற்கிறேன். என் வாதத்தில் நான் தெளிவாகச் சொல்லாமல் விட்ட பகுதி அதுதான்.

அந்தி ஆட்டக்காரர் அவர்களுக்கு: பழக்கத்தால் நீங்கள் நான்கு கோபுரங்களையே கட்டினீர்கள் என்பதை மறுக்க மாட்டேன். ஆனால் அது அந்த முறையின் குறை ஆகாது. பழகிய ஆட்டத்தை எட்டாம் முறை ஆடும்போது எந்த முறையும் பழக்கமாகிவிடும். வெஞ்சன்ஸிலும் உங்களுக்கென்று ஓர் ஐந்து கோபுரத் தொகுப்பு இப்போது இருக்கும் என்றும், புதிய கட்டம் எதற்குப் போனாலும் முதலில் அதையே எடுத்துச் செல்வீர்கள் என்றும் நினைக்கிறேன். பழக்கம் அங்கிருந்து இங்கே இடம் மாறியிருக்கிறது, அவ்வளவுதான். ஆனால் பழைய முறையில் பழக்கம் தோற்றால் திருத்திக்கொள்ள களத்திலேயே இடம் இருந்தது. டார்க் நைட்கள் கனத்த கவசத்தோடு வந்து ரேஞ்சர்களின் அம்புகளைப் பொருட்படுத்தாமல் நடந்தால், அடுத்த காலி மனையில் மந்திரவாதியைக் கட்டலாம். அல்லது இருக்கும் ரேஞ்சர்களுக்கு நச்சு அம்புத் திறனை வாங்கிக் கொடுக்கலாம், ஏனென்றால் நஞ்சுக்குக் கவசம் தடையில்லை. புதிய முறையில் எடுத்து வந்த ஐந்தில் கவசத்தை ஊடுருவும் கோபுரம் இல்லாவிட்டால் ஒரே வழிதான் உண்டு: வெளியேறி, தொகுப்பை மாற்றி, முதல் அலையிலிருந்து மீண்டும் தொடங்குவது. அதுவரை ஆடிய பன்னிரண்டு பதினைந்து நிமிடங்களும் பாடமாக மட்டுமே எஞ்சும், ஆட்டமாக எஞ்சாது.

கிளை பற்றியும் ஒரு சொல். நான்காம் நிலையில் இரண்டாகப் பிரிவது வெறும் எண்ணிக்கைக் கணக்கல்ல. ஒரே கோபுரம் இரண்டு எதிர்காலங்களைத் தன்னுள் வைத்திருக்கிறது என்பதே அதன் அழகு. மூன்றாம் நிலையில் நிற்கும் ஒரு பேரக்ஸைப் பார்க்கும்போது, அது காயத்தை ஆற்றிக்கொண்டு நெடுநேரம் நிற்கும் பாலடின்களாகுமா, கோடரி வீசித் தாக்கும் பார்பேரியன்களாகுமா என்பது இன்னும் முடிவாகவில்லை. ஃபிரான்டியர்ஸில் மந்திரவாதி ஆர்ச்மேஜாகவோ, மாண்ட எதிரிகளிலிருந்து எலும்புக்கூடுகளை எழுப்பும் நெக்ரோமான்ஸராகவோ ஆகலாம். அங்கே ஒரே மூன்றாம் நிலைக் கோபுரத்திலிருந்து முற்றிலும் வேறான இரண்டு போர்முறைகள் பிறந்தன. அந்த முடிவாகாத தன்மையை நான் இழந்துவிட்டேன் என்பதே என் வருத்தம்.

காவல் கொடி:

இருவரும் கோபுரத் தேர்வைப் பற்றியே பேசுகிறீர்கள். இந்தத் தொடரை மற்ற தற்காப்பு ஆட்டங்களிலிருந்து பிரித்துக் காட்டியது தேர்வு முறை அல்ல, மறித்தல் என்பதை நினைவூட்ட விரும்புகிறேன்.

இந்த வகை ஆட்டங்கள் பலவற்றில் எதிரி நடந்துகொண்டே இருப்பான். நாம் ஓரத்தில் நின்று சுட்டுக்கொண்டே இருப்போம். புளூன்ஸ் வரிசை ஆட்டங்களில் பலூன்கள் யாருக்காகவும் பாதையில் நிற்பதில்லை. கிங்டம் ரஷ் பேரக்ஸைக் கொண்டுவந்து அந்த இலக்கணத்தை மாற்றியது. மூன்று வீரர்கள், அவர்கள் கூடும் இடத்தைக் குறிக்கும் ஒரு கொடி, அந்தக் கொடியைக் கோபுரத்தின் எல்லைக்குள் நாம் விரும்பிய இடத்துக்கு நகர்த்தும் உரிமை. இதனால் பாதையின் எந்தப் புள்ளியில் போர் நடக்க வேண்டும் என்பதை நாம் தீர்மானிக்கிறோம். பீரங்கியின் குண்டு விழுவதற்கு நேரம் ஆகும். எதிரி நடந்தால் அது வெற்று மண்ணில் விழும், நின்றால் கூட்டத்தின் நடுவில் விழும். ஆகவே 70 பொன் பேரக்ஸ்தான் 125 பொன் பீரங்கிக்கு மதிப்புக் கொடுக்கிறது. வில்லாளரும் மந்திரவாதியும் கூட, எதிரி தங்கள் எல்லைக்குள் எவ்வளவு நேரம் நிற்கிறான் என்பதைப் பொறுத்தே பலம் பெறுகிறார்கள். வில்லாளர்களை மட்டும் வரிசையாகக் கட்டித் தோற்றவர்கள் எல்லோரும் இதைப் பட்டறிந்திருப்பார்கள்.

இந்தக் கோணத்தில் பார்த்தால் வெஞ்சன்ஸின் மாற்றம் எனக்கு வேறு காரணத்துக்காகக் கவலை அளிக்கிறது. பழைய முறையில் பேரக்ஸ் எப்போதும் நான்கில் ஒன்று. எந்த ஆட்டக்காரரும் அதை வீட்டில் விட்டுவிட்டுக் களத்துக்கு வர முடியாது. புதிய முறையில் ஐந்து கோபுரங்களில் ஒன்றுகூட மறிக்கும் கோபுரமாக இல்லாமல் ஒருவர் கிளம்பலாம். அப்போது மறிக்கும் பொறுப்பு முழுவதும், களத்தில் நாம் நேரடியாக நகர்த்தும் தனி வீரரான ஹீரோவின் மீதும், நாம் அவ்வப்போது இறக்கும் துணைப்படையின் மீதும் விழுகிறது. 2011இல் முதல் ஆட்டம் வெளிவந்தபோது அதில் ஹீரோக்களே இல்லை, பிறகுதான் சேர்க்கப்பட்டார்கள். அலையன்ஸில் ஒரே நேரத்தில் இரண்டு ஹீரோக்கள். வெஸ்பரையும் ரேலினையும் இரண்டு வழிகளில் நிறுத்திவிட்டால் கொடியை நகர்த்தும் தேவையே குறைந்துவிடுகிறது. கோபுரங்களின் ஆட்டம் மெல்ல மெல்ல ஹீரோக்களின் ஆட்டமாக மாறுகிறது என்பதே என் கருத்து.

அந்தி ஆட்டக்காரர்:

மூவருக்கும் தனித்தனியாகப் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது.

நிலவறை அவர்கள் சுட்டிக்காட்டிய வேறுபாடு சரியானது. நான் எடுத்த ஒப்பீடு அந்த அளவுக்குப் பலவீனமானது என்பதை ஒப்புக்கொள்கிறேன். நுழையும் முன்பு எதிரிகளின் முகங்களை வரிசையாகக் காட்டினால் வெஞ்சன்ஸும் அலையன்ஸும் இன்னும் சிறந்த ஆட்டங்களாகும்.

காவல் கொடி மறித்தலைப் பற்றி எழுதிய பத்தியை இரண்டு முறை படித்தேன். கோபுரங்களின் விலைக்கும் மறித்தலுக்கும் உள்ள உறவை இவ்வளவு சுருக்கமாக யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. ஆனால் அதிலிருந்து நீங்கள் வந்தடையும் முடிவு சரியென்று எனக்குப் படவில்லை. மறிக்கும் கோபுரம் இல்லாமல் கிளம்பும் ஆட்டக்காரர், மறித்தல் எவ்வளவு முக்கியம் என்பதை மூன்றாவது அலையிலேயே புரிந்துகொள்வார். பழைய முறை அதைக் கற்றுக்கொடுக்கவில்லை, கையில் திணித்தது. மேலும், வெஞ்சன்ஸில் மறித்தல் பல வடிவம் எடுத்தது. ஆர்க் வீரர்களின் குடில் பழைய பேரக்ஸைப் போலவே கொடியோடு இயங்குகிறது. கிரிம் செமிட்டரியில் எழும் பிணங்களோ கொடிக்குக் கட்டுப்படாமல் பாதையில் எதிரியை நோக்கி நடக்கின்றன. அலையன்ஸின் டெமன் பிட் அனுப்பும் சிறு பேய்கள் எதிரியைத் தடுத்து நிறுத்தி, சாகும்போது வெடிக்கின்றன. நின்று மறிப்பது, நடந்து மறிப்பது, வெடித்து மறிப்பது என்று மூன்று வேறு எண்ணங்கள். பழைய நான்கு கோபுரச் சட்டகத்துக்குள் இவற்றுக்கு இடம் கிடைத்திருக்காது, ஏனென்றால் அங்கே பேரக்ஸ் என்றால் மூன்று வீரர்கள் என்பது விதி.

செங்கல் அவர்களுக்கு ஒரு கேள்வி. பழைய ஆட்டங்களில் ஒவ்வொரு கட்டத்துக்கும் அயர்ன் சேலஞ்ச் என்ற தனிச் சோதனை உண்டு. இருபது உயிர்களுக்குப் பதிலாக ஒரே உயிர், பல அலைகளுக்குப் பதிலாக ஒரே நீண்ட பேரலை. அதோடு, சில கோபுர வகைகளைக் கட்டவே கூடாது என்ற தடையும் இருக்கும். நீங்கள் பல மாதங்களுக்கு முன் இதே இடத்தில் எழுதியபோது, அந்தச் சோதனைகள்தான் முதல் பாகத்தின் உச்சம் என்று சொன்னீர்கள். கைவசம் உள்ளவற்றைக் குறைத்தால் சிந்தனை கூர்மையாகும் என்பதை நீங்களே அன்று ஒப்புக்கொண்டீர்கள். அதே கட்டுப்பாட்டை வெஞ்சன்ஸ் எல்லாக் கட்டங்களுக்கும் விரித்தபோது அது ஏன் இழப்பாகிவிட்டது?

தாழ்வாரம்:

இந்த விவாதத்தில் இதுவரை யாரும் விலையைப் பேசவில்லை என்பது எனக்கு வியப்பாக இருக்கிறது. நான் பெரும்பாலும் கைபேசியில்தான் ஆடுகிறேன். கைபேசிப் பதிப்பில் வெஞ்சன்ஸையும் அலையன்ஸையும் விலை கொடுத்து வாங்கிய பிறகும், சில கோபுரங்களும் பல ஹீரோக்களும் தனியாகப் பணம் கேட்கின்றன. முதல் மூன்று ஆட்டங்களிலும் ஹீரோக்களில் சிலருக்குப் பணம் கேட்டார்கள், ஆனால் கோபுரத்துக்கு ஒருபோதும் கேட்டதில்லை. கேட்கவும் முடியாது, ஏனென்றால் நான்கு அடிப்படைக் கோபுரங்களில் ஒன்றை எடுத்துவிட்டால் ஆட்டமே குலைந்துவிடும். கோபுரங்களைத் தனித்தனிப் பொருள்களாக்கி, ஒரு தொகுப்பில் வைத்து, அதிலிருந்து ஐந்தை எடுக்கச் சொன்ன பிறகுதான் அந்தத் தொகுப்பில் பூட்டிய பெட்டிகளை வைக்கும் வாய்ப்பு உண்டானது.

நிறுவனம் பிழைக்க வேண்டும் என்பதை நான் மறுக்கவில்லை. ஒரு சிறு நாட்டிலிருந்து ஒரு சிறு குழு தொடங்கிய தொழில் இவ்வளவு காலம் நிலைத்து நிற்பது எனக்கு மகிழ்ச்சியே. ஆனால் தேர்வு முறை போர்த் தந்திரத்துக்காக மட்டுமே மாறியது என்ற அடிப்படையில் நாம் பேசிக்கொண்டிருந்தால், பாதியைத்தான் பேசுகிறோம்.

அந்தி ஆட்டக்காரர்:

பணம் பற்றிய கேள்வி நியாயமானது. கணினியில் ஸ்டீம் என்ற இணையக் கடை வழியாக வாங்குபவர்களுக்கு அடிப்படை ஆட்டத்தின் கோபுரங்களும் ஹீரோக்களும் வாங்கிய விலைக்குள்ளேயே அடங்கிவிடுகின்றன. கைபேசியில் ஆடுபவர்களுக்குத்தான் இந்தச் சுமை. நான் கைபேசியில் வெஞ்சன்ஸை வெட்டரன் நிலையில் கூடுதல் பணம் எதுவும் செலுத்தாமல் முடித்தேன் என்பதால், பூட்டிய கோபுரங்கள் இல்லாமல் வெல்ல முடியாது என்ற நிலை இல்லை என்று மட்டும் சாட்சி சொல்ல முடியும். ஆனால் திரையில் பூட்டோடு தெரியும் ஒரு கோபுரம், வெல்வதற்குத் தேவைப்படாவிட்டாலும், ஆட்டக்காரரின் தேர்வுச் சுதந்திரத்தைக் குறைக்கிறது என்று நீங்கள் சொன்னால் அதற்கு என்னிடம் நல்ல பதில் இல்லை.

செங்கல்:

அயர்ன் சேலஞ்ச் பற்றிய கேள்விக்கு வருகிறேன். இரண்டு நாள் யோசித்த பிறகே எழுதுகிறேன், ஏனென்றால் அது என் வாதத்தின் அடிப்படையைத் தொடுகிறது.

ஆம், கட்டுப்பாடு சிந்தனையைக் கூர்மையாக்கும். அதில் நான் மாறவில்லை. ஆனால் அந்தச் சோதனைகளில் கட்டுப்பாட்டை விதித்தவர் அந்தக் கட்டத்தை வடிவமைத்தவர். இந்தப் பாதையில், இந்த எதிரிகளுக்கு எதிராக, பீரங்கி இல்லாமல் என்ன செய்வாய் என்று அவர் நம்மிடம் கேட்கிறார். பீரங்கியை எடுத்துவிட்டால் விடை இருக்கிறதா என்பதை அவர் முன்பே ஆடிப் பார்த்திருப்பார். அந்தக் கேள்விக்குப் பின்னால் ஒரு மனம் இருப்பதை நாம் உணர்கிறோம். ஐந்து கோபுரத் தொகுப்பிலோ கட்டுப்பாட்டை நாமே நமக்கு விதித்துக்கொள்கிறோம், அதுவும் கேள்வி என்னவென்று தெரியாமல். வடிவமைப்பாளரின் நிலையும் கடினமாகிறது. எந்த ஐந்தோடும் ஒருவர் வரலாம் என்பதால், எந்த ஐந்தாலும் ஓரளவு சமாளிக்கக்கூடிய எதிரிகளையே அவர் வைக்க வேண்டியிருக்கிறது. முதல் பாகத்தில் கனத்த கவசத்தோடு ஒரு கூட்டம் வந்தால், எல்லோரிடமும் மந்திரவாதி இருக்கிறார் என்ற உறுதியோடு அதை அனுப்பினார்கள். அந்த உறுதி இல்லாதபோது எதிரியின் முனைகள் மழுங்குகின்றன. வெஞ்சன்ஸில் எந்தக் கட்டமும் முதல் பாகத்தின் கட்டங்களைப் போல எனக்குத் தனித்து நினைவில் நிற்காததற்கு இதுவே காரணம் என்று நினைக்கிறேன்.

இருந்தாலும் நடந்து மறிப்பது, வெடித்து மறிப்பது என்று நீங்கள் சொன்னதை நான் தள்ளிவிட முடியவில்லை. அத்தகைய கோபுரங்கள் நான்கு அடிப்படைக் கோபுரங்களின் கிளைகளாகப் பிறந்திருக்கவே முடியாதா என்று யோசித்துப் பார்த்தேன். ஆரிஜின்ஸில் பீரங்கி இருந்த இடத்தில் கல்லெறியும் துரூயிடுகளை வைத்தார்கள். ஃபிரான்டியர்ஸில் பீரங்கியின் ஒரு கிளை பாதையில் நடமாடும் இயந்திர மனிதனாகவே ஆனது. அதாவது சட்டகம் நீங்கள் நினைப்பதைவிட நெகிழ்வானது. ஆனால் எல்லையற்ற நெகிழ்வு அதற்கு இல்லை என்பதையும் ஒப்புக்கொள்கிறேன்.

நேர்மையாக ஒரு சோதனை செய்து பார்க்கலாம் என்று தோன்றுகிறது. முதல் பாகத்தையே புதிய முறையில் ஆடலாம். எட்டுச் சிறப்புக் கோபுரங்களில் நான்கை மட்டும், ஒவ்வொரு வகைக்கும் ஒன்றாக, கட்டத்துக்குள் நுழையும் முன் தாளில் எழுதி வைத்துவிட வேண்டும். உள்ளே போன பிறகு மாற்றக் கூடாது. அந்தி ஆட்டக்காரர் ஏற்பாரா?

அந்தி ஆட்டக்காரர்:

ஏற்றேன். வார இறுதியில் நான்கு கட்டங்களைத் தேர்ந்தெடுத்து ஆடத் தொடங்கினேன், வெட்டரன் நிலையில், ஹீரோ இல்லாமல். என் பழைய பழக்கம் உதவிக்கு வராதபடி, நான் ஒருபோதும் கட்டாத நான்கையே எழுதி வைத்தேன்: மஸ்கெட்டியர், பார்பேரியன், சோர்ஸரர், பிக் பெர்த்தா.

முதல் இரண்டு கட்டங்களிலும் மூன்று நட்சத்திரம் கிடைத்தது. சோர்ஸரர் எதிரியை ஆடாக மாற்றும் திறனையும், மண் பூதத்தைப் பாதையில் நிறுத்தி மறிக்கும் திறனையும் இத்தனை ஆண்டுகளில் முதன்முறையாகப் பயன்படுத்தினேன். சோர்ஸரரின் சாபம் கவசத்தைக் குறைத்த பிறகு மஸ்கெட்டியரின் குண்டு எவ்வளவு ஆழமாக இறங்குகிறது என்பதை நேரில் பார்த்தபோது, இந்த இணையை இவ்வளவு காலம் தவறவிட்டோமே என்று வருந்தினேன். இதுவரை என் வாதத்துக்கே வலு சேர்ந்தது.

மூன்றாவது கட்டத்தில் கார்கோயில்கள் வந்தன. என் பொன்னில் பெரும்பகுதி மூன்று பெர்த்தாக்களில் முடங்கிக் கிடந்தது. அவை தலைக்கு மேலே பறப்பதைப் பார்த்துக்கொண்டு நின்றன. மஸ்கெட்டியர்கள் மெதுவாகச் சுடுபவர்கள். கூட்டமாகப் பறந்து வருவதை அவர்களால் அள்ள முடியவில்லை. இருபது உயிரில் எட்டு மிஞ்சியது. அந்த நேரத்தில் அருகில் மூன்றாம் நிலையில் ஒரு பீரங்கி நின்றுகொண்டிருந்தது, கையில் 380 பொன் இருந்தது. விதியை மீறி டெஸ்லாவைத் தொட என் விரல் எழுந்தது. செங்கல் முதல் பதிவில் சொன்ன அந்தப் பத்து விநாடி என்னவென்று அப்போது புரிந்தது.

நான்காவது கட்டத்தை இன்னும் முடிக்கவில்லை. அதற்கு முன் நிலவறை அவர்கள் சொன்னபடி ஒரு மாற்றம் செய்து பார்க்கப் போகிறேன்: கட்டத்தில் வரும் எதிரிகள் யார் யார் என்று முதலில் முழுமையாக எழுதி வைத்துக்கொண்டு, அதன் பிறகு நான்கு கோபுரங்களைத் தேர்ந்தெடுப்பேன். இதே விதியோடு செங்கல் அவர்கள் வெஞ்சன்ஸில் ஆட முன்வந்தால், இருவரும் குறிப்புகளை ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

செங்கல்:

முன்வருகிறேன். மறிக்கும் கோபுரம் ஒன்றாவது ஐந்தில் இருக்க வேண்டும் என்ற காவல் கொடியின் நிபந்தனையையும் சேர்த்துக்கொள்கிறேன். இம்பாசிபிள் என்ற மிகக் கடினமான நிலையில், முதல் கட்டத்திலிருந்து தொடங்குகிறேன். பூட்டிய கோபுரங்களை எடுக்க மாட்டேன்.

காவல் கொடி:

ஆர்க் குடிலை எடுத்தால் கொடியைப் பாதையின் வளைவுக்குச் சற்று முன்பே நிறுத்திப் பாருங்கள். ஃபர்னஸின் குறுகிய எல்லைக்குள் எதிரி நிற்கும் நேரம் அங்கேதான் அதிகம்.